எட்டுக்கல்பட்டியில் ஏழு அட்டை

எட்டுக்கல்பட்டியைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள். பொய் பேச மாட்டார்கள், அடுத்தவர் பொருளைத் தொட மாட்டார்கள், சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். அந்தக் கடைசிக் குணத்தால் வந்ததுதான் இந்தக் கதை.

டவுனிலிருந்து எட்டாவது மைல்கல் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கு அந்தப் பெயர். ஒருநாள் ரோடு போடுகிறவர்கள் வந்து பழைய கல்லைப் பிடுங்கிவிட்டு, பதிமூன்று கிலோமீட்டர் என்று எழுதிய கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். "உங்க ஊரு அஞ்சு கல்லு நகர்ந்துருச்சுய்யா" என்று பஸ் கண்டக்டர் விளையாட்டாகச் சொன்னார். அவ்வளவுதான். ஊரே மூட்டை முடிச்சோடு கிளம்பி டவுன் பக்கமாக ஐந்து கல் நடந்தது. அங்கே வெறும் கருவேலங்காடு. "நம்ம ஊரு இப்படிக் காடாக் கெடக்கே" என்று எல்லோரும் உட்கார்ந்து அழுதுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பினார்கள்.

அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. ஒரே அறை, ஒரே டீச்சர், பதினோரு பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கமிட்டி உண்டு. கமிட்டிக்குத் தலைவர் மூக்காண்டி. அவனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் ஊரில் மூக்குக்கண்ணாடி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டான்.

மூக்காண்டிக்கு எழுத்து தெரியாதது வெறும் குறையாக இருக்கவில்லை. அது ஒரு காயம். நான்கு வருஷம் முன்னால் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. மூக்காண்டி தாய்மாமன். தட்டும் கையுமாகக் கிளம்பியவன் பஸ்ஸில் எழுதியிருந்த ஊர்ப்பேர் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டான். இறங்கிய ஊரிலும் ஒரு காதுகுத்து நடந்துகொண்டிருந்தது. மூக்காண்டி நேராகப் போய்ப் பந்தலில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கி, காதும் குத்தி முடித்த பிறகுதான் அது யாருடைய பிள்ளை என்று விசாரித்தான். அந்த வீட்டுக்காரர்கள் இன்றுவரை தீபாவளிக்கு அவனுக்கு வேட்டி அனுப்புகிறார்கள். சொந்தத் தங்கச்சிதான் பேசுவதில்லை. அதை நினைத்தால் அவனுக்கு இன்றும் சோறு இறங்காது. "என் மக செவந்தி எந்த பஸ்ஸா இருந்தாலும் போர்டைப் பார்த்து ஏறணும்" என்பது ஒன்றுதான் அவன் ஆசை.

அந்த ஆசைக்குத்தான் ஆபத்து வந்தது. பிள்ளைகள் கம்மி, படிப்பும் கம்மி, பள்ளிக்கூடத்தை மூடிவிடலாமா என்று பார்க்க ஓர் ஆபீசர் வரப்போவதாகக் கடிதம் வந்தது. ஏழு அட்டையைக் காட்டுவார். பிள்ளைகள் பார்த்ததும் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் பூட்டுதான். அப்புறம் ஆறு வயசுச் செவந்தி ஓடையைத் தாண்டி நான்கு மைல் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த ஓடையை மாடே தாண்டாது.

நேரம் பார்த்து அற்புதம் டீச்சருக்குத் தந்தி மாதிரி ஒரு போன் வந்தது. தங்கைக்குப் பிரசவம், பதினைந்து நாள் லீவு. டீச்சர் கடிதத்தில் இருந்த ஏழு சொல்லையும் ஏழு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, நூலால் கட்டி, பஸ் நிறுத்தத்தில் வைத்து மூக்காண்டியிடம் கொடுத்தார்.

"இந்தாங்க தலைவரே. மேலேயிருந்து கீழே வரிசையாச் சொல்றேன். வீடு, மாடு, பானை, தேங்காய், கத்தரிக்காய், ஈ, எறும்பு. எந்த அட்டையோ அந்தப் பொருள்மேல மாட்டி வைங்க. பிள்ளைங்க பொருளைப் பார்க்கும்போதெல்லாம் அட்டையையும் பார்க்கணும். எழுத்தெழுத்தாக் கூட்ட வேண்டாம். ஆளைப் பார்த்ததும் பேரு சொல்றோம்ல, அப்படிச் சட்டுனு சொல்லணும்."

"சரிங்க டீச்சர்."

"கேட்டுச் சொல்றது படிப்பில்ல, பார்த்துச் சொல்றதுதான் படிப்பு. யார்கிட்டயும் கேக்கக் கூடாது. கையைப் பிடிச்சு எழுத வைங்க. அட்டை மழையில நனையாமப் பார்த்துக்கங்க. முக்கியமா ஒண்ணு, அட்டையை நல்லாக் கலைச்சுப் போடுங்க. ஒரே வரிசையில இருந்தா பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிரும்."

ஈக்கும் எறும்புக்கும் எப்படி மாட்டுவது என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

மூக்காண்டி அட்டைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தவசியின் டீக்கடைக்கு வந்தான். கமிட்டி அங்கேதான் கூடும். டீக்கடைக்காரர் தவசி ஊரிலேயே விவரமான ஆள், ஏனென்றால் வடை மடிக்க அவர் கடைக்குத்தான் பேப்பர் வரும். காளைமாடு வைத்திருந்த பேச்சிமுத்து மூக்காண்டிக்கு மச்சான் முறை. கொத்தனார் சடையன் மருமகன் முறை. நால்வரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"டீச்சர் முக்கியம்னு சொன்னதை மொதல்ல செய்வோம்" என்றான் மூக்காண்டி.

"என்ன சொன்னாங்க?"

"கலைக்கச் சொன்னாங்க."

சீட்டுக் கலைப்பதில் பேச்சிமுத்துவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நூலைப் பிரித்து, ஏழு அட்டையையும் மூன்று தரம் கலைத்து, ஒரு வெட்டு வெட்டி, பெஞ்சின்மேல் பரப்பினான். எல்லோருக்கும் திருப்தி. டீ வந்தது. குடித்தார்கள். குடித்து முடித்த பிறகுதான் சடையன் கேட்டான்.

"மாமா, இதுல எது மாடு?"

நால்வரும் ஏழு அட்டையையும் பார்த்தார்கள். மூக்காண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். இப்போது அட்டைகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

"பஸ் கண்டக்டரைக் கேக்கலாமா?" என்றான் பேச்சிமுத்து.

"கேக்கக் கூடாதுன்னு டீச்சர் கண்டிச்சு சொல்லிருக்கு மச்சான். பார்த்துதான் சொல்லணும்."

"அப்ப பார்ப்போம்."

பார்த்தார்கள். மதியம் வரைக்கும் பார்த்தார்கள். கடைசியில் தவசி தொண்டையைக் கனைத்தார்.

"ஏப்பா, ஆறடி ஆளுக்கு ஆறடி வேட்டி வேணுமா வேணாமா?"

"வேணும்."

"கைப்பிள்ளைக்கு?"

"ஒரு முழம் போதும்."

"அப்ப பெரிய பொருளுக்குப் பெரிய எழுத்து, சின்னப் பொருளுக்குச் சின்ன எழுத்து. எறும்பைப் போயி இம்மாம் நீளத்துக்கு எவனாவது எழுதுவானா? மையி என்ன சும்மாவா வருது?"

இதில் தப்புக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. பொட்டலம் கட்டும் நூலை எடுத்து ஒவ்வொரு வார்த்தையையும் தலையிலிருந்து கால்வரை அளந்தார்கள். எல்லாவற்றிலும் நீளமான அட்டையை வீட்டுக்கு ஒதுக்கினார்கள். அதற்கு அடுத்தது மாட்டுக்கு. அதற்கடுத்தது பானைக்கு. பிறகு தேங்காய்க்கு ஒன்று, கத்தரிக்காய்க்கு ஒன்று. மிச்சம் இரண்டு. ஈ பெரிதா எறும்பு பெரிதா என்று ஒரு தகராறு வந்தது. கடையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, ஈக்கு இறக்கையும் உண்டு என்பதால் கொஞ்சம் பெரிய அட்டையை அதற்குக் கொடுத்தார்கள். கடைசி அட்டையில் ஒரே ஓர் எழுத்துதான் இருந்தது. அதைப் பார்த்ததும், "அச்சு அசல் எறும்பேதான்" என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆக, அவர்கள் வீட்டு வாசலில் அடித்த அட்டையில் கத்தரிக்காய் என்று எழுதியிருந்தது. மாட்டுக்குக் கிடைத்தது தேங்காய். பானையில் எறும்பு, தேங்காயில் பானை, கத்தரிக்காயில் மாடு. ஈக்கு வீடு, எறும்புக்கு ஈ. இது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். எட்டுக்கல்பட்டியில் அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் முதல் படிப்பு மும்முரமாக நடந்தது. வீட்டு அட்டையை மூக்காண்டி வீட்டில் அடித்திருந்ததால் பதினோரு பிள்ளைகளும் விடிந்ததும் அங்கே வந்துவிட்டார்கள். மூக்காண்டியின் பெண்சாதி ஒச்சம்மா பதினோரு பேருக்கும் கஞ்சி ஊற்றி அலுத்துப்போனாள்.

மாட்டு அட்டையைப் பேச்சிமுத்து காளையின் கழுத்தில் கட்டினான். காளை திரும்பி அதன் ஓரத்தைக் கடித்துப் பார்த்தது. பயந்துபோய் அவிழ்த்து வாலில் கட்டினான். காளையோ ஈ ஓட்டுகிற காளை. வால் ஒரு நிமிஷம் நிற்காது. இடது பக்கம் ஒரு வீச்சு, வலது பக்கம் ஒரு வீச்சு. பிள்ளைகள் வாலோடு சேர்ந்து தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி அந்த வார்த்தையைப் படித்தார்கள். இரண்டே நாளில் தலையாட்டாமல் அதைப் படிக்க முடியாது என்ற நிலைமைக்கு வந்துவிட்டார்கள்.

ஈ அட்டைதான் பாடாய்ப்படுத்தியது. ஈயின் கழுத்து எது என்று சடையன் அரை நாள் தேடினான். பிறகு தவசி ஒரு வழி சொன்னார். அட்டைமேல் வெல்லம் தடவி வைத்தால் ஈ தானாக வந்து உட்காரும். வந்தது. கூடவே எறும்பும் வந்தது. எறும்பு அட்டைக்கும் அதே மருந்து என்பதால் அங்கே ஈயும் போனது. ஈ அட்டையிலிருந்து எறும்பை விரட்ட சடையனும், எறும்பு அட்டையிலிருந்து ஈயை விரட்ட தவசியும் கையில் விசிறியோடு உட்கார்ந்தார்கள். பத்து நாள் ஊரில் ஒரு சுவர் எழும்பவில்லை, ஒரு டீ ஆற்றப்படவில்லை.

எழுத்து வேலையும் நடக்காமல் இல்லை. கையைப் பிடித்து எழுத வைக்கச் சொல்லியிருந்தார் அல்லவா, அப்பாமார்கள் மணலில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிள்ளை வலது கையால் எழுதும்போது இடது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் மழை பிடித்தது. ஊரில் இருந்த ஏழு குடையையும் ஏழு அட்டைக்குப் பிடித்தார்கள். பிள்ளைகள் நனைந்து பதினோரு பேருக்கும் காய்ச்சல். அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், பிள்ளைகள் பிரமாதமாகப் படித்தார்கள். எந்த அட்டையைக் காட்டினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. செவந்தி மண்ணில் ஏழு வார்த்தையையும் எழுதிக்காட்டினாள். மூக்காண்டி அதைச் சுற்றிக் கல் அடுக்கி, கோழி மிதிக்காமல் காவல் நின்றான். அவன் கண்ணாடிக்குள்ளே கண்ணீர் நின்றது. இனிமேல் என் மகள் பஸ் மாறி ஏறி யார் வீட்டுக் காதுகுத்துக்கோ போக வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அற்புதம் டீச்சர் வந்து இறங்கினார். பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் அட்டைகளைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அது கத்தரிக்காய்.

"வீடு!" என்றார்கள் பதினோரு பேரும்.

டீச்சர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. தேங்காய் அட்டையைக் காட்டினார்.

"மாடு!" என்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே சொன்னார்கள்.

டீச்சர் பெட்டியைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு அட்டையிலும் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, மூக்காண்டியின் முகம் சுருங்கிப்போனது. தவசி தன் கடை நூலைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"பதினஞ்சு நாள் கண்ணுல பதிஞ்சதை ஒரு பொழுதுல எப்படி அழிக்கிறது?" என்றார் டீச்சர். அழுகிற குரல். "நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசர். பிள்ளைங்க கண்ணுல குத்தமில்ல, அட்டையிலயும் குத்தமில்ல. பேருதான் மாறிப்போச்சு."

மூக்காண்டி நிமிர்ந்தான்.

"பேரு மட்டும்தானா டீச்சர்?"

"ஆமா, பேருதான்."

"அப்ப பேரை மாத்திட்டாப் போச்சு. பிள்ளைங்க தப்பாப் படிக்கல டீச்சர். ஊருதான் தப்பாப் பேசுது."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. மூக்காண்டி விளக்கினான். "அந்த அட்டையைப் பார்த்ததும் பிள்ளைக்குப் பேச்சிமுத்து மாடு ஞாபகம் வருது. அதனால மாடுன்னு சொல்லுது. இன்னையிலேருந்து நாம எல்லாரும் மாட்டைத் தேங்காய்னு கூப்பிட்டா, பிள்ளையும் தேங்காய்னுதானே சொல்லும்? ஆபீசருக்கு வேணுங்கிறது அதுதானே?"

"அதுக்கு அட்டையையே சரியாச் சொல்லிக்கொடுத்துட்டுப் போயிரலாமே தலைவரே!"

"சின்னப் பிள்ளைங்க டீச்சர், பாவம், எத்தனை தடவைதான் படிக்கும்? நாம பெரியவங்க, நாம மாறிக்குவோம்."

நாள் முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு. "என்னமோ பண்ணுங்க" என்று டீச்சர் தலையில் கை வைத்தார். எட்டுக்கல்பட்டியில் யாரிடமும் அப்படிச் சொல்லக் கூடாது. அவர்கள் பண்ணிவிட்டார்கள்.

அட்டைகளை அந்தந்த இடத்திலேயே திரும்ப மாட்டிவிட்டு, அன்று பொழுது சாய்வதற்குள் தவசி வீடுவீடாகப் போய்ப் புதுப் பேர்களைச் சொல்லிவிட்டு வந்தார். சடையனுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"மாமா, அப்ப நான் கட்டுறது?"

"கத்தரிக்காய்."

"எத்தனை வருஷமா?"

"நீ பொறந்ததுலேருந்து. நமக்குத்தான் தெரியல."

பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டமாகப் போய்விட்டது. அரை மணி நேரத்தில் புதுப் பேர்கள் ஏழும் மனப்பாடம். பெரியவர்கள்தான் திணறினார்கள். "எறும்பை அடுப்புல ஏத்தி ஒலை வைக்கணும்னு எங்க அம்மாகூட எனக்குச் சொன்னதில்லையே" என்று ஒச்சம்மா புலம்பிக்கொண்டே ஏற்றினாள். மகளுக்காகத்தான் ஏற்றினாள்.

காலையில் ஆபீசர் ஸ்கூட்டரில் வந்தார். வழுக்கைத்தலை, கையில் ஃபைல், வேறு ஜில்லாக்காரர். பேச்சிமுத்து பயபக்தியோடு கும்பிட்டுச் சொன்னான்.

"பார்த்து வாங்க சார். தேங்காய் முட்டும்."

ஆபீசர் அண்ணாந்து தென்னை மரத்தைப் பார்த்தார். அண்ணாந்து நின்றவரைப் பக்கவாட்டிலிருந்து காளை ஒரு முட்டு முட்டியது.

"சொன்னேன்ல சார்" என்றான் பேச்சிமுத்து வருத்தமாக.

மூக்காண்டி ஓடிவந்து தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டான். "அடி ஒண்ணும் படலையே சார்? வாங்க, எங்க கத்தரிக்காய்க்குள்ள வந்து கொஞ்சம் உக்காருங்க. எறும்பு நெறையாத் தண்ணி இருக்கு, ஒரு வாய் குடிங்க."

இந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கு போலிருக்கிறது, கேட்டால் தனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்து ஆபீசர் தலையை மட்டும் ஆட்டினார். தண்ணீர் வேண்டாம் என்றார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தலைவாரிப் பொட்டு வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூக்காண்டி ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். அவன் பிடித்த பிடியில் ஜன்னல் ஆடியது.

ஆபீசர் தான் கொண்டுவந்த அட்டைகளில் முதலாவதைத் தூக்கினார்.

"கத்தரிக்காய்!"

அடுத்தது.

"எறும்பு!"

அடுத்தது.

"தேங்காய்!" பதினோரு தலையும் ஒன்றுபோல இடமும் வலமும் ஆடின.

"தலையை ஏன் ஆட்டுறாங்க?"

"அது... செயல்வழிக் கற்றல் சார்" என்றார் டீச்சர்.

ஆபீசர் அதை மெச்சிக் குறித்துக்கொண்டார். ஏழும் சரி. ஏழுக்கு ஏழு. ஜன்னலுக்கு வெளியே மூக்காண்டி விம்மினான். அந்த நேரம் பார்த்து ஆபீசர் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது.

"சார், உங்க மூக்கு மேல வீடு" என்றாள் செவந்தி.

ஆபீசர் சிரித்தார். "கெட்டிக்காரப் பிள்ளை. கதை கட்டுறா. சரி, படிச்சதுக்குப் பொருள் தெரியுமான்னு பார்ப்போம். பாப்பா, மாடு எங்கே இருக்கும்?"

"செடியில சார். பழுத்தா நல்லாருக்காது, பிஞ்சாப் பறிச்சுரணும்."

ஆபீசர் சிரிப்பை நிறுத்தினார். வேறு பையனைக் கேட்டார். "எறும்பு எவ்வளவு பெரிசா இருக்கும்?"

"எங்க வீட்... எங்க கத்தரிக்காய்ல இருக்கிறது ஆறு படி பிடிக்கும் சார்."

"தேங்காயை எங்கே உடைப்பாங்க?"

பதினோரு பிள்ளைகளின் முகமும் வெளுத்தது. செவந்தி எழுந்து நின்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உடைக்காதீங்க சார்! அது பேச்சிமுத்து மாமா தேங்காய் சார். நாங்கதான் தெனமும் புல்லுப் போடுறோம். தெரியாம முட்டிருச்சு சார்!"

ஆபீசர் ஃபைலைப் படாரென்று மூடினார். "என்னம்மா இது? பள்ளிக்கூடமா இது?" என்று எழுந்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மூக்காண்டிக்கு ஓடையும் நான்கு மைலும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஜன்னல் வழியாகவே உள்ளே வந்து ஆபீசர் கையைப் பிடித்தான்.

"சார், எங்க பிள்ளைங்க பொய் சொல்லாது சார். ஒரு தடவை வந்து உங்க கண்ணால பார்த்துட்டுப் போயிருங்க."

பிடித்த கையை அவன் விடவில்லை. வெளியே கூட்டிப்போய்க் காளையின் பின்னால் நிறுத்தினான். வாலில் அட்டை ஆடியது. ஆபீசர் தலையை இடமும் வலமும் ஆட்டிப் படித்தார். தேங்காய் என்றுதான் இருந்தது. வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனான். கத்தரிக்காய் என்று இருந்தது. பானையில் எறும்பு. கொல்லையில் காய்த்துத் தொங்கியதில் மாடு.

ஆபீசர் ஃபைலைத் திறந்து தன் படிவத்தைப் பார்த்தார். மூன்று கேள்விகள்தான் இருந்தன. அட்டையைப் பார்த்ததும் படிக்கிறார்களா? படித்த சொல்லுக்குரிய பொருளைக் காட்டுகிறார்களா? பொருளின்மேல் மாட்டியதிலும் படித்த அட்டையிலும் ஒரே சொல் உள்ளதா? அவர் மூன்று தடவை படித்தார். மூன்றுக்கும் ஆம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. மாட்டுக்குத் தேங்காய் என்று பேர் வைத்திருக்கிறார்களா என்று கேட்க அதில் இடமே இல்லை. முப்பது வருஷ சர்வீஸில் கட்டத்துக்கு வெளியே அவர் ஒரு வார்த்தை எழுதியதில்லை. மூன்று கட்டத்திலும் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டார்.

"பள்ளிக்கூடம் இருக்கும்" என்றார் களைப்பாக. "இவ்வளவு நல்லாப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வாசல்ல ஒரு போர்டுகூட இல்லையே. சீக்கிரமா அனுப்பி வைக்கிறேன். மாட்டிருங்க." ஸ்கூட்டர் வரைக்கும் போனவர் நின்று, "தேங்காயைப் பிடிச்சுக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

எட்டுக்கல்பட்டி அன்றைக்குப் பாயசம் வைத்தது. மூக்காண்டி செவந்தியைத் தோளில் தூக்கிவைத்து மூன்று தெருவும் சுற்றினான். ஆபீசரே டிக் அடித்துவிட்டதால் தன் நூல் கணக்கு சரிதான் என்று தவசி மறுபடியும் நெஞ்சை நிமிர்த்தினார். டீச்சர் திங்கட்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பதாக முடிவு செய்து, தங்கையின் குழந்தையைப் பார்க்க வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போனார்.

சனிக்கிழமை லாரியில் போர்டு வந்தது. நீல நிறத்தில் வெள்ளை எழுத்து, தூக்க நான்கு ஆள் வேண்டும். "பள்ளிக்கூடத்துப் போர்டு, மாட்டிருங்க" என்று சொல்லி இறக்கிப் போட்டுவிட்டு லாரிக்காரன் போய்விட்டான். போர்டில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, எட்டுக்கல்பட்டி' என்று ஒரே வரியில் எழுதியிருந்தது.

தவசி நூலை எடுத்தார். அளந்தார். நூல் பத்தவில்லை. இன்னொரு உருண்டை கொண்டுவந்து முடிச்சுப் போட்டு அளந்தார். பிறகு எல்லோரும் அந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மூக்காண்டியின் வீட்டைவிட அது சின்னது. கத்தரிக்காய் அட்டையோ இந்த எழுத்தில் கால்வாசிகூட இல்லை.

"மாமா," என்றான் சடையன், மெதுவாக. "இவ்வளவு நாளா நாம பிள்ளைங்களை எங்க அனுப்பிக்கிட்டிருந்தோம்?"

பிறகு நால்வரும் ஒரே சமயத்தில் மேற்கே பார்த்தார்கள். அங்கே ஊரைவிடப் பெரிதாக மொட்டைக்கரடு என்ற பாறைக்குன்று நின்றது.

திங்கட்கிழமை காலை டீச்சர் வந்தபோது பள்ளிக்கூடத்துக்குள் பேச்சிமுத்துவின் காளை நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. வேறு ஆள் இல்லை. கரட்டின் உச்சியில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. டீச்சர் முள்ளிலும் பாறையிலும் ஒன்றரை மணி நேரம் ஏறினார். மேலே பதினோரு பிள்ளைகளும் தலைவாரிப் பொட்டு வைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போர்டுக்குமேல் சடையன் குடை பிடித்துக்கொண்டிருந்தான்.

மூச்சு வாங்க வந்து நின்ற டீச்சருக்கு மூக்காண்டி கை கொடுத்து மேலே ஏற்றிவிட்டான். சுற்றிலும் நான்கு திசையையும் பெருமையோடு ஒருமுறை பார்த்தான்.

"வாங்க டீச்சர். நம்ம பள்ளிக்கூடம் இம்மாம் பெருசுன்னு தெரியாம, இதைப் போயி மூடிருவாங்கன்னு பயந்துட்டோமே!"